கரையில் ஓடும் இன்ஜின் கடலில் ஏன் நிற்கிறது?

கரையில் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால் இன்ஜின் பட்டென்று பிடிக்கிறது. புகை இல்லை, சத்தமும் சரி. படகைத் தள்ளி, அலையைத் தாண்டி, கால் மணி நேரம் போனதும் திணறுகிறது. ஆக்ஸிலேட்டரைக் கூட்டினால் வேகம் ஏறாமல் இறங்குகிறது. கடைசியில் நின்றே போகிறது. பக்கத்துப் படகு கயிறு கட்டி இழுத்துவந்து கரையில் சேர்த்தபின் மறுபடி ஸ்டார்ட் பண்ணினால், ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது.

கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் டீசல் இன்ஜின் வைத்த ஃபைபர் படகுக்காரர்களுக்கு இந்தப் புகார் புதிதல்ல. மெக்கானிக் வருவார். "பம்ப் போயிடுச்சுண்ணே, கழட்டி பெஞ்சுக்கு அனுப்பணும்" என்பார். பம்ப் கழன்று, சோதனை பெஞ்ச் உள்ள புதுச்சேரிக் கடைக்குப் போகும், சில நாள் கழித்துத் திரும்பி வரும், செலவும் ஆகும். மாட்டி ஓட்டினால் இரண்டு நாள் நன்றாக ஓடிவிட்டு மூன்றாம் நாள் அதே இடத்தில் நிற்கும். அந்த இரண்டு நாள் ஓடியதற்கும் காரணம் உண்டு: பம்பைக் கழற்றி மாட்டும்போது லைனில் இருந்த காற்றை எடுத்திருப்பார்கள், பில்டரையும் ஒருமுறை கழுவியிருப்பார்கள்.

கரையில் ஓடி, கடலில் நிற்கும் இன்ஜினில் பம்ப் கெட்டிருப்பது அரிது. அழுக்கு, தண்ணீர், காற்று என்ற மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். மூன்றும் நுழைவது டேங்குக்கும் பம்புக்கும் இடைப்பட்ட வழியில். அந்த வழியைச் சோதிக்க நான்கு ஸ்பானர், ஒரு கண்ணாடி பாட்டில், ஒரு கேன் சுத்தமான டீசல் போதும். தேடலை டேங்கிலிருந்து ஆரம்பித்து முன்னால் வாருங்கள். பம்பிலிருந்து ஆரம்பித்துப் பின்னால் போகாதீர்கள்.

இந்தக் கரையின் ஃபைபர் படகுகளில் இருப்பவை பெரும்பாலும் பத்துக் குதிரைத்திறன் அளவிலான ஒற்றைச் சிலிண்டர் டீசல் இன்ஜின்கள். கிரீவ்ஸ் இன்ஜின் என்றால் எல்லோருக்கும் தெரியும். நீண்ட தண்டின் நுனியில் விசிறி. தெற்கே தேங்காய்த்திட்டுத் துறைமுகத்து விசைப்படகுகளில் அசோக் லேலண்டின் ஆறு சிலிண்டர் இன்ஜினைப் பார்க்கலாம். அளவு வேறானாலும் டீசல் போகும் வழி ஒன்றுதான். 1980களில் சென்னையிலிருந்து இயங்கிய ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் மணல்கரைக்கு ஏற்ற படகுகளைச் சோதித்தது. கரை தட்டும்போது விசிறியைத் தூக்கிக்கொள்ளும்படி டீசல் இன்ஜினை ஒரு பெட்டியோடு சாயும் விதத்தில் பொருத்தினார்கள். விசிறியைக் காப்பாற்ற இத்தனை யோசித்திருக்கிறார்கள். இன்றும் விசிறியைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு டேங்கை யாரும் பார்த்துக்கொள்வதில்லை என்பது என் எண்ணம்.

டீசல் போகும் வழி

டேங்க், அதன் காக், முதல் பில்டர் (பல படகுகளில் தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தோடு), டீசலை இழுத்துத் தள்ளும் பீட் பம்ப், நைஸ் பில்டர், பிறகு டீசல் பம்ப். பீட் பம்பிலேயே கையால் அடிக்கும் பிரைமரும் இருக்கும். டீசல் பம்பிலிருந்து தடித்த இரும்புக் குழாய் வழியாக இன்ஜெக்டருக்கு. இன்ஜெக்டரில் மிஞ்சிக் கசிவது மெல்லிய ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்கே திரும்பிவிடும். சிறிய படகுகளில் டேங்க் இன்ஜினைவிட உயரத்தில் இருந்தால் பீட் பம்ப் இல்லாமலே டீசல் தானாக இறங்கும்.

டீசல் பம்புக்கு முன்னால் உள்ளது எல்லாம் குறைந்த அழுத்தப் பகுதி. அதற்குப் பின்னால் உள்ளதில் 200 பார் அளவுக்கு அழுத்தம் எழும்பும். கார் டயரில் நாம் தினமும் பார்க்கும் காற்றழுத்தம் இரண்டு மூன்று பார் தான்.

டீசல் பம்ப் என்ன வேலை செய்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துக் குதிரைத்திறன் இன்ஜின் முழு இழுவையில் மணிக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் 1500 முறை டீசல் பீய்ச்ச வேண்டும். மணிக்கு 90,000 முறை. வகுத்தால் ஒரு முறைக்கு 25 கன மில்லிமீட்டர். ஒரு சொட்டில் பாதி. அந்த அரைச் சொட்டை 200 பார் அழுத்தத்தில், சரியான கணத்தில், புகைபோலச் சிதற அடிக்க வேண்டும். இதற்காகப் பம்புக்குள் டீசலைத் தள்ளும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே விடப்படும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான் மட்டுமே. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு.

இந்தக் கணக்கு தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மணல் துகள் ஏன் பம்பைத் தின்கிறது? இடைவெளியைவிடத் துகள் பெரியது. தண்ணீர் ஏன் ஆபத்து? பிளஞ்சருக்கு ஆயில் தனியாகக் கிடையாது, டீசலே அதன் மசகு. தண்ணீருக்கு அந்த வழுவழுப்பு இல்லை, உப்புத் தண்ணீராக இருந்தால் நின்ற இடத்திலேயே துருவும் ஏறும். காற்று ஏன் இன்ஜினை நிறுத்துகிறது? டீசலை அமுக்கினால் சுருங்காது, காற்று சுருங்கும். பம்புக்குள் ஒரு குமிழி இருந்தால் பிளஞ்சர் தள்ளும் அரைச் சொட்டு அளவு முழுவதும் அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே தீர்ந்துபோகும். இன்ஜெக்டரின் நாசில் திறக்கும் அழுத்தமே வராது.

அலை செய்கிற வேலை

கரையில் படகு அசையாமல் நிற்கிறது. டேங்கின் அடியில் தண்ணீரும் சேறும் படிந்து கிடக்கின்றன. இழுக்கும் குழாயின் வாய் அதற்கு மேலே இருப்பதால் நல்ல டீசல் மட்டும் போகிறது. விசிறி காற்றில் சுற்றும்போது இன்ஜினுக்குப் பாரமே இல்லை. டீசல் கொஞ்சமாக வந்தாலும் ஓடும். பில்டர் முக்கால்வாசி அடைத்திருந்தாலும் அந்தக் கொஞ்சம் வந்துகொண்டிருக்கும்.

அலையில் இறங்கியதும் நிலைமை மாறுகிறது. முன்பக்கம் தூக்கி அடிக்கும்போது அடியில் கிடந்தது முழுவதும் கலங்குகிறது. டேங்க் கால்வாசிதான் நிரம்பியிருந்தால் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கி, குழாயின் வாய் காற்றில் தெரிகிறது; அந்த நொடியில் ஒரு மிடறு காற்று உள்ளே போகிறது. அதே நேரத்தில் இன்ஜின் முழுப் பாரம் இழுக்கிறது, பாரமில்லாதபோது குடித்ததைப்போலப் பல மடங்கு டீசல் கேட்கிறது. அடைத்த பில்டரால் அதைக் கொடுக்க முடியாது. இழுத்துவந்து கரையில் கொஞ்ச நேரம் நின்றதும் சேறு மறுபடி படிகிறது, பில்டர் வழியாக மெதுவாக டீசல் ஊறி நிரம்புகிறது. இன்ஜின் ஓடுகிறது. கரையில் விசிறியைக் காற்றில் சுற்றிவிட்டு இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் சோதனைக்கு இதனால்தான் மதிப்பில்லை.

இந்தக் கரையில் டேங்க் கலங்குவது சற்று அதிகமாகவே இருக்க வாய்ப்புண்டு. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டப்பட்ட கல் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்தன. வடக்கே இருக்கும் கோட்டக்குப்பத்திலும் தந்திராயன்குப்பத்திலும் கரை அரித்துப் போனது. சரிந்து விரிந்த மணல் இருந்த இடத்தில் கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். படகை இறக்குவதும் ஏற்றுவதும் முன்போல எளிதில்லை. அந்தக் குலுக்கல் டேங்குக்கும் சேர்த்துத்தான்.

டேங்கைப் பாருங்கள்

கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்து, டேங்கின் அடிப்புற வடிகாலிலிருந்து அரை லிட்டர் பிடியுங்கள். வடிகால் இல்லையென்றால் அடிவரை ஒரு குழாயை விட்டு, கைப்பம்பால் இழுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம். பாட்டிலை அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். டீசல் தண்ணீரைவிட இலேசானது, அதனால் தண்ணீர் அடியில் தனி அடுக்காக நிற்கும். இரண்டுக்கும் நடுவே பழுப்பாகவோ கறுப்பாகவோ பாசிபோல ஒன்று மிதந்தால் அது கிருமி. டீசல் மொத்தமும் மோர்போலக் கலங்கியிருந்தால் தண்ணீர் நுண்துளிகளாகக் கலந்திருக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? அலைத்தண்ணீர் மூடி வழியாக வரலாம், கேனிலேயே வரலாம், மழையில் வரலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது கொட்டியது போன்ற மழைக்குப் பிறகு, டேங்கின் அடியைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்வது கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடப்பது. இன்னொரு வழி பலருக்குத் தோன்றாது: வெறும் காற்று. பாதி காலியான டேங்கில் மீதியை நிரப்பியிருப்பது கடற்கரையின் ஈரக்காற்று. இரவில் டேங்கின் சுவர் குளிரும்போது அந்த ஈரம் துளியாகி வழிந்து டீசலுக்கு அடியில் சேரும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. டேங்கைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால் அந்த 61 இரவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். தடை முடிந்து கடலுக்குப் போகும் முதல் வாரத்தில் நிற்கும் இன்ஜின்கள் பலவற்றுக்கு நோய் இதுவாகத்தான் இருக்கும். தடைக்கு முன் டேங்கை விளிம்புவரை நிரப்புங்கள், அல்லது ஒரு சொட்டும் விடாமல் வடித்துக் காயவிடுங்கள். நடுவில் நிற்காதீர்கள்.

வெளிநாட்டுக் கையேடுகளில் குளிரில் டீசல் உறைந்து மெழுகாவதைப் பற்றி ஒரு அத்தியாயமே இருக்கும். நமக்கு அந்தப் பக்கங்களைப் புரட்டவே வேண்டாம். நமக்கான அத்தியாயம் அதற்கு நேரெதிர். தண்ணீரும் டீசலும் தொட்டுக்கொள்ளும் அந்த எல்லையில், நம் ஊர் வெப்பத்தில், பூஞ்சையும் பாக்டீரியாவும் செழித்து வளரும். குடிப்பதற்கு அடியில் தண்ணீர், தின்பதற்கு மேலே டீசல். அவை விடும் கொழகொழப்பு பில்டரை அடைக்கும், அமிலம் டேங்கை அரிக்கும். புது பில்டர் போட்டு ஒரு வாரத்தில் மறுபடி அடைத்தால், அதுவும் கறுப்பாக வழுக்கினால், இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். மருந்து விற்கிறார்கள். தண்ணீரை வடிக்காமல் மருந்து ஊற்றினால், செத்த கிருமியெல்லாம் ஒரே நேரத்தில் பில்டருக்கு வந்து சேரும். முதலில் டேங்கைக் காலி செய்து துடையுங்கள். தண்ணீர் இல்லாத டேங்கில் அவற்றால் வாழ முடியாது.

டேங்க் எதனால் ஆனது என்பதையும் பாருங்கள். துத்தநாகம் பூசிய தகரம் டீசலுக்கு ஆகாது. டீசலோடு சேர்ந்து சோப்புபோன்ற படிவை உண்டாக்கும், அது நாசிலில் போய் ஒட்டும். எவர்சில்வரோ கெட்டியான பிளாஸ்டிக்கோ நல்லது.

மூடியில் உள்ள காற்றுத் துளையை மறந்துவிடக் கூடாது. டீசல் வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அலை தெறிக்கிறது என்று மூடிக்கு அடியில் பாலித்தீன் வைத்துக் கட்டினாலோ, துளையில் உப்பும் அழுக்கும் அடைத்தாலோ, டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் இறங்காமல் போகும். அறிகுறி துல்லியமானது: அரை மணி நேரம் ஓடும், நிற்கும், பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடும். நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுத்தால் நோய் தெரிந்துவிட்டது. இத்தனை விசாரணையிலும் காசே செலவாகாத பகுதி இதுதான், அதனாலோ என்னவோ கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

நனையாத இணைப்பும் குற்றவாளி

காற்று நுழைவதைக் கண்டுபிடிப்பதுதான் இதில் தந்திரமானது. டீசல் கசிந்து சொட்டும் இடத்தைத் தேடுகிறோம், எங்கும் சொட்டவில்லை, ஆகவே லைன் சரி என்று முடிவு கட்டுகிறோம். டேங்க் இன்ஜினைவிடத் தாழ்வாக இருந்து பீட் பம்ப் இழுக்கும் படகில் இந்த முடிவு தவறு. இழுக்கும் பக்கத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். கீறல் விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: ஸ்ட்ரா நனையவே நனையாது, இளநீரும் வராது. பீட் பம்புக்கும் டீசல் பம்புக்கும் நடுவில் ஓட்டை என்றால் நிலைமை தலைகீழ்: ஓடும்போது அங்கே டீசல் கசியும், நின்றபின் காற்று நுழையும். ராத்திரி நிறுத்திய இன்ஜின் காலையில் பிரைமர் அடித்தால்தான் பிடிக்கிறது என்றால் அங்கே தேடுங்கள்.

ஓட்டை இருக்கக்கூடிய இடங்கள் சில: வெயிலில் வெடித்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், பில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையம், பிரைமரின் சீல், நசுங்கிய செம்பு வாஷர். ஒருமுறை நசுங்கிய செம்பு வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். புதிது கிடைக்கவில்லையென்றால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மென்மையாகும், இன்னொரு முறை பயன்படும். வெள்ளை டெஃப்லான் டேப்பை டீசல் லைனில் சுற்ற வேண்டாம். பிய்ந்த நூல் பம்புக்குள் போகும்.

பீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு டீசலைத் தாங்கும் ஒளி ஊடுருவும் குழாயைத் தற்காலிகமாக மாட்டுங்கள். இன்ஜின் ஓடும்போது அதில் குமிழி போகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். குமிழி போனால் ஓட்டை அதற்கு முன்னால், டேங்க் பக்கம். போகாவிட்டால் பின்னால். சோதனை முடிந்ததும் பழைய குழாயை மாட்டிவிட வேண்டும்.

இதைவிடவும் எனக்குப் பிடித்த சோதனை கேன் சோதனை. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை எடுத்து, இன்ஜினைவிட உயரத்தில் அசையாமல் கட்டி, அதிலிருந்து ஒரு சிறு குழாயை நேராகப் பீட் பம்புக்கு விடுங்கள். கேனின் மூடியைத் தளர்த்தி வையுங்கள். காற்றை எடுத்துவிட்டுக் கடலுக்குள் போய் முழுப் பாரத்தில் ஓட்டுங்கள், வழக்கமாக நிற்கும் நேரத்தையும் தாண்டி. இன்ஜின் நிற்கவில்லையென்றால் குற்றம் டேங்கிலோ, அதன் குழாயிலோ, முதல் பில்டரிலோ இருக்கிறது. பம்பைத் தொடவே வேண்டாம். கேனில் ஓட்டியும் நின்றால் பீட் பம்ப், நைஸ் பில்டர், அதற்கு அப்பால். ஒரே சோதனையில் பாதி வழி கழிந்துவிடும். துணைக்கு இன்னொரு படகு கூட வரட்டும்.

காற்று எடுப்பது

பில்டர் மாற்றினாலும், டேங்க் காலியானாலும் இது செய்தாக வேண்டும். ஸ்டாப் லிவர் ஓடும் நிலைக்கு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்பில் இறுகிய கேபிள் லிவரைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டிருந்தால் எத்தனை காற்று எடுத்தும் ஸ்டார்ட் ஆகாது. நைஸ் பில்டரின் தலையில் உள்ள சிறு போல்ட்டைத் தளர்த்திப் பிரைமரை அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழியும் டீசலும், பிறகு வெறும் டீசல். டீசல் வந்துகொண்டிருக்கும்போதே இறுக்க வேண்டும். கையை நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று மறுபடி ஏறும். அடுத்து டீசல் பம்பின் மேல் உள்ள போல்ட்டிலும் இதையே செய்யுங்கள்.

பிறகு இன்ஜெக்டர் பக்கம். அங்கே இரும்புக் குழாயின் நட்டை ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கி, ஆக்ஸிலேட்டரை முழுதாக வைத்து, கயிறு சுற்றியோ ஹேண்டில் போட்டோ இன்ஜினைச் சுழற்றுங்கள். நட்டின் ஓரத்தில் துடிப்புத் துடிப்பாக டீசல் கசியும்போது இறுக்குங்கள். ஆறு சிலிண்டர் என்றால் எல்லா நட்டுக்கும் இதே முறை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இன்ஜெக்டர் வாயிலிருந்தோ கீறல் விழுந்த அழுத்தக் குழாயிலிருந்தோ பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். கசிவைத் தேடும்போது விரலை வைத்துப் பார்க்காதீர்கள், அட்டைத்துண்டைக் காட்டிப் பாருங்கள். தோலுக்குள் போய்விட்டது என்று தோன்றினால் கழுவிவிட்டு வேலையைத் தொடராமல் உடனே ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "டீசல் அழுத்தத்தில் உள்ளே ஏறிவிட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட் ஆகாத இன்ஜினுக்கு ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே பெட்ரோல் வெடித்து ரிங்கை உடைக்கும், தீயும் பிடிக்கலாம். அதை விட்டுவிடுவது நல்லது.

புகையின் நிறம்

சுற்றும்போது புகையே வரவில்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்து ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் டீசல் போகிறது, எரியவில்லை. தண்ணீர் கலந்திருக்கலாம், கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். கறுப்புப் புகையோடு வேகம் குறைந்தால் பலர் நாசிலைப் பழி சொல்வார்கள். அதற்கு முன் விசிறியைப் பாருங்கள். வலைத்துண்டோ பிளாஸ்டிக் கயிறோ சுற்றியிருந்தாலும் இதே அறிகுறிதான். ஏர் கிளீனரையும் பாருங்கள். நீலப் புகை ஆயில் எரிவது, அது வேறு விவகாரம். புகை எதுவும் மாறாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் போதவில்லை, பில்டர் பக்கம் போங்கள். வேகம் தானாக ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடினால் காற்று.

டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடியிருந்தால், ஆயில் தண்ணிபோல ஓடி டீசல் வாடை அடித்தால், பீட் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தோ பம்பின் சீல் போயோ டீசல் கிராங்க் அறைக்குள் இறங்குகிறது. அந்த ஆயிலில் ஓட்டினால் பேரிங் போய்விடும். அதைச் சரிசெய்யும்வரை இன்ஜினை ஓட்டாதீர்கள்.

கேனும் வேட்டித் துணியும்

தமிழ்நாட்டில் இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு ஆண்டுக்கு வழங்கும் வரிவிலக்கு டீசல் 4,000 லிட்டராக இருந்தது; 2023-ல் அதை 4,400 லிட்டராக உயர்த்தி அரசு அறிவித்தது. இவ்வளவும் கேன் கேனாகக் கரைக்கு வருவது. வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டினால் மணலும் துருவும் நிற்கும், தண்ணீர் நிற்காது. அதற்கு எளிய வழி பொறுமை: கேனை முந்தின நாள் சாயங்காலமே நிழலில் வைத்துவிட்டு, காலையில் ஆட்டாமல் ஊற்றி, அடியில் ஒரு லிட்டரை விட்டுவிடுவது. விட்டதைப் பாட்டிலில் தெளியவைத்து மேலாக எடுத்துக்கொள்ளலாம்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்பது பி.எஸ்.6 டீசல். கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்காக இருந்தது 10 ஆகக் குறைந்துவிட்டது. கந்தகத்தை நீக்கும் முறையில் டீசலின் இயல்பான வழுவழுப்பும் குறைகிறது. அதை ஈடுகட்டச் சுத்திகரிப்பு ஆலையிலேயே மருந்து சேர்க்கிறார்கள். விலை குறைவென்று அதில் கெரசினைக் கலந்தால் அந்த வழுவழுப்பு மறுபடி போய்விடும். அரைச் சொட்டு அளக்கும் பிளஞ்சர் தேயும். சேமித்த காசு முழுவதும் பம்ப் கடைக்குப் போகும்.

நடுக்கடலில் நின்றால்

நங்கூரம் முதலில். கல்லும் அலையும் உள்ள கரையை நோக்கிப் படகு ஒதுங்கிக்கொண்டிருக்கும்போது ஸ்பானரை எடுக்காதீர்கள். பிறகு டேங்கின் மூடி, காக், ஸ்டாப் லிவர், பில்டர் கிண்ணத்தில் தண்ணீர், பிரைமர் என்ற வரிசையில் பார்த்தால் பெரும்பாலான நேரத்தில் இன்ஜின் ஓடிவிடும். ஒரு பில்டர், ஒரு கை செம்பு வாஷர், இரண்டு கிளிப், ஒரு முழம் குழாய், மூடிய கேனில் இரண்டு லிட்டர் சுத்தமான டீசல் எப்போதும் படகில் இருக்கட்டும். எதுவும் பலிக்கவில்லையென்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. போன் சிக்னல் இருக்கும் தூரத்திலேயே கூப்பிடுங்கள்.

பம்பே கெட்டிருந்தால்

இத்தனையும் பார்த்தபின் ஒருவேளை அது பம்போ நாசிலோதான். பல சிலிண்டர் இன்ஜினில் எந்த இன்ஜெக்டர் என்று கண்டுபிடிக்க, மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி இறுக்குங்கள், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, குழாயின் மேல் துணியைப் போர்த்தி. தளர்த்தினால் இன்ஜின் தடுமாற வேண்டும். தடுமாறாவிட்டால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அந்த இன்ஜெக்டரை இன்னொரு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். நோய் கூடவே போனால் இன்ஜெக்டர், போகாவிட்டால் கம்ப்ரஷனோ பம்போ.

மைக்கோ பம்ப் என்றே இன்னும் பலர் சொல்கிறார்கள். 1951-ல் தொடங்கிய அந்தப் பெங்களூர் நிறுவனம் 2008-ல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. எந்தப் பெயரானாலும் அதைப் படகில் வைத்துப் பிரிக்காதீர்கள், பெஞ்ச் உள்ள கடையில் பிரிக்கட்டும். கழற்றும்போது இரண்டு விஷயம். குழாய் வாய்களை உடனே சுத்தமான பிளாஸ்டிக்கால் மூடுங்கள். பெஞ்சில் சரிசெய்து வந்த பம்பை ஒரு சிட்டிகை கடற்கரை மணல் கெடுத்துவிடும். இன்ஜினுக்கும் பம்புக்கும் நடுவே மெல்லிய தகட்டு ஷிம்கள் இருந்தால் எத்தனை, எவ்வளவு கனம் என்று எண்ணி, ஒரு கவரில் போட்டு எழுதி வையுங்கள். டீசல் பீய்ச்சும் நேரத்தைத் தீர்மானிப்பது அவைதான். ஒன்று குறைந்தாலோ கூடினாலோ நல்ல பம்ப் மாட்டியும் இன்ஜின் தட்டும், புகைக்கும், நீங்கள் மறுபடி டேங்கிலிருந்து தேட ஆரம்பிப்பீர்கள்.